கோழிக்கு 1985, மனுஷனுக்கு 2022: சேலம், நாமக்கல் விவசாயிக்கு மனநல சிகிச்சை ஏன் எட்டவில்லை?

நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்ட ஆண்டு 1985. அதே நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரி 12-ம் தேதி. தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 மருத்துவக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. இடையில் 37 வருஷம்.

முட்டைக்குப் பேர்போன ஊர். கோழி டாக்டர் முதலில் வந்ததில் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. பண்ணையில் திடீரென நாலு கோழி செத்து விழுந்தால் அதைத் தூக்கிக்கொண்டு பரிசோதனைக்கு ஓட வேண்டும் என்று நாமக்கல் பக்கம் சின்னப் பசங்களுக்கும் தெரியும். மரவள்ளியும் அப்படித்தான். 2020 வாக்கில் இந்தியாவுக்குள் நுழைந்த மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் குச்சிக்கிழங்குக் காடுகளை நாசம் பண்ணியபோது, அதை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் இருந்து வரவழைத்தார்கள். 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அதைப் பறக்கவிட்டார்கள். பயிருக்கு வந்த நோய்க்கு இரண்டே வருஷத்தில் கண்டம் தாண்டி வைத்தியம் வந்தது.

சரி, அந்தக் காட்டுக்காரருக்கு? மூணு மாசமாகத் தூக்கம் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பொழுது சாய்ந்தால் டாஸ்மாக். இப்படி ஒருவர் இருந்தால் அவரை எங்கே கூட்டிப்போவது, யாரிடம் காட்டுவது என்று கேட்டுப்பாருங்கள். முதலில் வரும் பதில் பெரும்பாலும் குலதெய்வம் கோயிலாக இருக்கும். அடுத்து மந்திரிக்கிறவர். அதற்கும் அடுத்துதான் ஆஸ்பத்திரி.

அரசாங்கத்திடம் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சட்டம் இருக்கிறது, மாவட்டத் திட்டம் இருக்கிறது, இலவச மாத்திரை இருக்கிறது, 24 மணி நேர போன் நம்பர்கூட இருக்கிறது. எல்லாமே விவசாயி தேடிப் போக வேண்டிய இடத்தில் இருக்கின்றன. அவர் தினமும் போய் வருகிற வழியில் ஒன்றும் இல்லை. பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எத்தனை பேர் பாதிக்கப்படுகிறார்கள்?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் தற்கொலையால் உயிரிழந்தவர்கள் 1,70,924 பேர். இதில் விவசாயத் துறையைச் சேர்ந்தவர்கள் 11,290. அதாவது சராசரியாக நாள் ஒன்றுக்கு கிட்டத்தட்ட 31 பேர். இந்த 11,290-ஐப் பிரித்துப் பார்த்தால் நிலம் வைத்து விவசாயம் செய்தவர்கள் 5,207, விவசாயக் கூலிகள் 6,083. 2023-ல் மொத்தம் 10,786-ஆகக் கொஞ்சம் குறைந்தது. அந்த வருஷமும் கூலிகள்தான் அதிகம்: 6,096 பேர்.

'விவசாயி தற்கொலை' என்றதும் எல்லோர் மனசிலும் வருவது காய்ந்த வயலும் கடன் பத்திரமும்தான். கூலிக்குப் போகிறவருக்குப் பயிர்க்கடனும் கிடையாது, கடன் தள்ளுபடியும் கிடையாது. 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்த 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனில் 16.43 லட்சம் விவசாயிகள் பயன்பெறுவார்கள் என்று அறிவிக்கப்பட்டது. பெரிய விஷயம்தான். ஆனால் அந்தப் பட்டியலுக்குள் வர, கூட்டுறவுச் சங்கத்தில் முதலில் கடன் வாங்கியிருக்க வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் கணக்கே வேற. நாத்து நட்டு, களை எடுத்து, ரெண்டு வேளை பால் கறந்து, கோழிக்குத் தீவனம் போடுகிற பெண்ணும் போலீஸ் ஆவணத்தில் பல நேரம் 'இல்லத்தரசி'தான். 2022-ல் அந்தத் தலைப்பின் கீழ் மட்டும் 25,309 மரணங்கள். அதில் எத்தனை பேர் காட்டிலும் கட்டுத்தரையிலும் உழைத்தவர்கள் என்பது அந்தக் கட்டத்துக்குள்ளேயே புதைந்துபோகிறது.

கடன்தான் காரணமா, மனசா?

இந்தக் கேள்வியே கொஞ்சம் கோணல். 2017 வறட்சி ஞாபகம் இருக்கலாம். அந்த ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. விவசாயிகள் மரணம் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, அந்த மரணங்களுக்கு வறட்சி காரணமில்லை, சொந்தக் காரணங்கள்தான் என்று மாநில அரசு சொன்னது. ஒரு பக்கம் 'எல்லாமே கடன்', இன்னொரு பக்கம் 'எல்லாமே சொந்தப் பிரச்னை'. ரெண்டு பக்கமும் ஒன்றை ஒன்று மறுத்துக்கொண்டு நிற்க, நடுவில் இருக்கிற ஆள் காணாமல் போகிறார்.

நடைமுறையில் ரெண்டும் சேர்ந்தேதான் வரும். ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணி வரவில்லை, அதற்கு வாங்கிய பணத்துக்கு வட்டி ஓடுகிறது. வட்டி யோசனையில் தூக்கம் போகிறது. தூக்கம் வர ஒரு கட்டிங். கட்டிங் குவார்ட்டர் ஆகிறது. வீட்டில் சண்டை. வேலை தள்ளிப்போகிறது. மறுபடியும் கடன். போலீஸ் விசாரணைக்கு வரும்போது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டும்தான் தெரியும்: "குடும்பத் தகராறு". 2022 கணக்கில் 31.7 சதவீத தற்கொலைகளுக்குக் குடும்பப் பிரச்னை என்றும், 6.8 சதவீதத்துக்கு போதைப் பழக்கம் என்றும் காரணம் எழுதியிருக்கிறார்கள். சங்கிலியின் முதல் கண்ணிக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

கோழிப்பண்ணைக்காரர்களின் கவலை இன்னொரு ரகம். முட்டை விலையை நிர்ணயிப்பது அவர்கள் கையில் இல்லை, மக்காச்சோளம், சோயா விலையும் அவர்கள் கையில் இல்லை. 2006-ல் மகாராஷ்டிராவில் பறவைக் காய்ச்சல் வந்ததற்கு நாமக்கல்லில் விலை விழுந்தது. 2020 மார்ச்சில் 'கோழியால் கொரோனா பரவும்' என்ற வாட்ஸ்அப் வதந்திக்கும் விலை விழுந்தது. கறிக்கோழி வளர்ப்பில் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும். ஷெட்டும் உழைப்பும் விவசாயியுடையது. கிடைப்பது வளர்ப்புக் கூலி. ஷெட் கட்ட வாங்கிய கடன் மட்டும் முழுக்க முழுக்க அவருடையது.

ஒரு ஓ.பி. சீட்டுக்கு ஒரு நாள்

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவும் இருக்கிறது. ஆத்தூரில் இருந்து சேலத்துக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். தலைவாசல், கெங்கவல்லி பக்கம் என்றால் இன்னும் கூட. தூரத்தை விடுங்கள், பஸ் இருக்கிறது. நேரத்தைப் பாருங்கள்.

ரெண்டு கறவை மாடு வைத்திருப்பவர் விடிகாலை எழுந்து பால் கறந்து சொசைட்டியில் ஊற்ற வேண்டும். சாயங்காலமும் அதே வேலை. நடுவில் மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது தண்ணி பாய்ச்ச வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் புறநோயாளிகளைப் பார்ப்பது காலை நேரத்தில். சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கி ஊர் திரும்புவதற்குள் சாயங்காலக் கறவை வந்துவிடும். ஒரு நாள் என்றால் பக்கத்துக் காட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போகலாம். மன அழுத்தத்துக்கான சிகிச்சை ஒரு நாள் வேலை இல்லையே. மாத்திரை வேலை செய்வது தெரியவே ரெண்டு முதல் நாலு வாரம் ஆகும். அதுவரை தொடர்ந்து போட வேண்டும், திரும்பப் போய்க் காட்ட வேண்டும். ஒரு வாரத்தில் 'இது ஒண்ணும் கேக்கல' என்று நிறுத்துவது இதனால்தான்.

கறிக்கோழிப் பண்ணையில் புதுக் குஞ்சு இறக்கிய முதல் வாரம் ராத்திரியில்கூட நகர முடியாது. சூடு குறைந்தாலும் போச்சு, கூடினாலும் போச்சு. குடிநோய்க்கு வார்டில் சேர்ந்து சில வாரம் சிகிச்சை எடுங்கள் என்று டாக்டர் சொன்னால், அந்த வீட்டில் எழும் முதல் கேள்வி "சரியாகுமா?" இல்லை. "மாட்டை யார் பாக்குறது?"

இன்னொரு சிக்கல், பாதிக்கப்பட்டவர் 'மனசு சரியில்லை' என்று வருவதே இல்லை. தலைபாரம், நெஞ்சு படபடப்பு, கை கால் அசதி, வயிறு எரிச்சல் என்றுதான் வருவார். பக்கத்து டவுன் கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ், ஒரு சத்து ஊசி. ரெண்டு நாள் தெம்பாக இருக்கும். அடுத்த வாரம் மறுபடியும் ஊசி. மாசக்கணக்கில் பணமும் போய், நோயும் அப்படியே இருக்கும். டாக்டர்களையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்தான். குறைந்தது 3 பேராவது வேண்டும் என்பது கணக்கு. இருக்கிற கொஞ்சப் பேரும் பெரும்பாலும் நகரத்தில்.

2015-16-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் இருந்தது. சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காதவர்கள் எவ்வளவு பேர் என்று அதில் பார்த்தார்கள். நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் என்று வந்தது. குடிநோய்க்கு 86 சதவீதம்.

மாவட்ட மனநலத் திட்டம்னா என்ன?

இதற்காகவே வந்த திட்டம்தான் அது. தேசிய மனநலத் திட்டம் 1982-லேயே அறிவிக்கப்பட்டது. கர்நாடகாவின் பெல்லாரியில் சோதித்துப் பார்த்து, 1996-ல் மாவட்டத் திட்டமாக மாற்றினார்கள். தமிழ்நாட்டில் முதலில் திருச்சி. இப்போது எல்லா மாவட்டத்திலும் உண்டு. மனநல மருத்துவர் தலைமையிலான குழு, தாலுகா அளவிலான அரசு மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் போய் நோயாளிகளைப் பார்க்கும்.

நல்ல ஏற்பாடு. ஆனால் எந்தக் கிழமை வருவார்கள் என்று தெரிய வேண்டுமே? தலைவாசல் சந்தையில் தக்காளி விலை நிமிஷத்துக்கு நிமிஷம் போனில் வருகிறது. மனநல டாக்டர் என்றைக்குத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்பது பெரும்பாலும் அந்த ஆஸ்பத்திரிச் சுவரில் மட்டும்தான் இருக்கும்.

சட்டம் இதைவிட ஒரு படி மேலே போகிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017-ன் பிரிவு 18, மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. யாரும் சிகிச்சைக்காக நீண்ட தூரம் போக வேண்டிய நிலை இருக்கக்கூடாது, வசிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. மாவட்டத்தில் குறைந்தபட்ச அரசு சேவைகூட இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறு மனநல நிலையத்தில் சிகிச்சை பெறலாம், செலவு அரசுடையது. இந்தப் பிரிவைக் காட்டி ஒரு விவசாயி கலெக்டரிடம் மனு கொடுத்தால் என்ன ஆகும்? குறைதீர் நாள் கூட்டத்தில் பட்டா, வாய்க்கால், மின் இணைப்பு, இழப்பீடு என்று எல்லாம் பேசுகிறார்கள். இதையும் ஒரு நாள் யாராவது கேட்டால் நன்றாக இருக்கும்.

குடியை நிறுத்தினால் போதுமா?

தமிழ்நாட்டில் மது பற்றிய பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. டாஸ்மாக்கை மூடு, மூடாதே. 1987-ல் இருந்து தடையில் இருக்கும் கள்ளை இறக்க விடு, விடாதே. இந்தக் கொங்குப் பக்கத்தில் கள் விவகாரம் தேர்தலுக்குத் தேர்தல் வரும். 2023 ஜூன் 22-ல் 500 டாஸ்மாக் கடைகளை மூடினார்கள். ஏற்கெனவே குடிநோயில் இருப்பவருக்கு என்ன வழி என்பதுதான் இந்தப் பேச்சில் எங்கேயும் வராது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. சேலம் அரசு மருத்துவமனைக்கும் பலரைக் கொண்டுவந்தார்கள். மெத்தனால் எங்கிருந்து வந்தது, யார் விற்றது, எந்த அதிகாரி சஸ்பெண்ட் என்று வாரக்கணக்கில் செய்தி ஓடியது (நியாயம்தான்). அங்கே குடித்தவர்களில் நிறையப் பேர் தினக்கூலிகள். அவர்களில் எத்தனை பேர் அதற்கு முன்னால் ஒரு தடவையாவது குடிநோய் சிகிச்சைக்காக ஒரு டாக்டரைப் பார்த்திருப்பார்கள் என்ற கேள்வி அவ்வளவாக எழவில்லை. நாடு முழுக்க நிலைமை என்ன என்பதற்கு, எய்ம்ஸ் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019-ல் வெளியான மத்திய அரசின் ஆய்வு ஒரு கணக்கு சொல்கிறது: மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் செய்கிற ஒரு தப்பு பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். வருஷக்கணக்கில் தினமும் குடிப்பவரைக் கோயிலில் கயிறு கட்டியோ, ரூமில் பூட்டிவைத்தோ ஒரே நாளில் நிறுத்த வைக்கிறார்கள். சிலருக்கு அது ஆபத்தாக முடியும். சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை ஆரம்பிக்கும். முதல் ரெண்டு நாளில் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றலாம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். 'பேய் பிடிச்சிருக்கு' என்று பூசாரியிடம் ஓடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். உயிரே போகக்கூடிய மருத்துவ அவசரம் இது. டாக்டர் மேற்பார்வையில் மாத்திரை கொடுத்து நிறுத்தினால் இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

தனியார் 'போதை மறுவாழ்வு இல்லம்' நடத்துகிறவர்கள் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். சேர்க்கும் முன் அந்தப் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. சங்கிலி போடுவதைச் சட்டம் நேரடியாகவே தடுக்கிறது. அரசுப் பக்கத்தில் 2025 பிப்ரவரியில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் தமிழ்நாடு அரசு திறந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆகுமா?

கிராமத்தில் குடும்பங்களை ரொம்பவே பயமுறுத்துவது இதுதான். தற்கொலைக்கு முயன்றவரை நல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்கி, 'தெரியாம நடந்துருச்சு' என்று மறைத்து, மணிக்கணக்கை வீணாக்குவது உண்டு.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றம் என்றது. 2017 சட்டத்தின் பிரிவு 115, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சை கொடுப்பது அரசின் கடமை என்று மாற்றியது. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த 309-ஏ கிடையாது. அரசு ஊழியரை மிரட்டுவதற்காக முயன்றால் மட்டும் தனிப் பிரிவு. ஆஸ்பத்திரியில் இருந்து போலீசுக்குத் தகவல் போகலாம், விசாரிக்கலாம். ஆனால் பிழைத்து வந்தவர் குற்றவாளி இல்லை.

வேற எங்கேயாவது இது சரியாகியிருக்கிறதா?

மகாராஷ்டிராவின் அமராவதி, விதர்பா பகுதி. விவசாயிகள் தற்கொலை என்றாலே செய்தியில் அடிபட்ட இடம். அங்கே 30 கிராமங்களில் 'விஷ்ராம்' என்ற பெயரில் ஒரு முயற்சி நடந்தது. உள்ளூர் ஆட்களையே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். அவர்களே பேசிப் பார்த்து, முதல்கட்ட ஆலோசனை கொடுத்து, தேவைப்பட்டவரை மட்டும் டாக்டரிடம் அனுப்பினார்கள். மன அழுத்தம் உள்ளவர்களில் உதவி தேடிப் போனவர்கள் ஆரம்பத்தில் 4.3 சதவீதம். 18 மாசத்தில் 27.2 சதவீதம். ஆறு மடங்கு. இத்தனைக்கும் புதிதாகப் பெரிய ஆஸ்பத்திரி எதுவும் கட்டவில்லை.

கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, அளவுக்கு மீறிக் குடிக்கும் ஆண்களிடம் இதே மாதிரி சோதித்தார்கள். டாக்டர் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் சில தடவை உட்கார்ந்து பேசினார்கள். மூணு மாசம் கழித்து அவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியில் இருந்து வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 26 சதவீதம். மாயாஜாலம் இல்லை, ஆனால் கணிசமான வித்தியாசம். லான்செட் மருத்துவ இதழில் 2017-ல் வந்த ஆய்வு இது.

இலங்கை வேறு வழியில் போனது. உலகிலேயே தற்கொலை விகிதம் அதிகம் இருந்த நாடுகளில் ஒன்று, 1990-களில். அதிக நச்சுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்துகொண்டே வந்தார்கள். இருபது வருஷத்தில் விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. 1995 முதல் 2015 வரை சுமார் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். தற்கொலை எண்ணம் பல நேரம் சில நிமிஷம், சில மணி நேரம் வந்து போகிற அலை. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கொடிய விஷம் இல்லையென்றால் ஆள் பிழைத்துக்கொள்கிறார். ஆனால் அதே இலங்கையில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்து 180 கிராமங்களில் சோதித்தபோது பலன் தெரியவில்லை. சாவி வீட்டில்தானே இருக்கிறது?

தமிழ்நாட்டிலும் ஒரு சோதனை நடந்திருக்கிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில், சென்னை ஸ்நேகா அமைப்பை நிறுவிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர், ஊர்ப் பொதுவில் வங்கி லாக்கர் மாதிரி ஒரு கிடங்கு கட்டினார்கள். ஒவ்வொரு விவசாயிக்கும் தனிப் பெட்டி. மருந்து அங்கேயே இருக்கும், தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம். 2013-ல் வெளியான அந்த ஆய்வில், கிடங்கு இருந்த ஊர்களில் பூச்சிமருந்துத் தற்கொலைகள் வெகுவாகக் குறைந்ததாகத் தெரிந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் நம்ம மண்ணில் நடந்தது.

2023 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசே தற்கொலையைத் தடுப்பதற்காக 6 பூச்சிமருந்துகளுக்கு 60 நாள் தற்காலிகத் தடை போட்டது. (அவற்றின் பெயர்கள் வேண்டுமென்றேதான் இங்கே தரப்படவில்லை.) நிரந்தரமாகத் தடை போடும் அதிகாரம் மத்திய அரசிடம்தான் இருக்கிறது. அதனால் இதில் சென்னை மட்டும் நினைத்தால் போதாது.

சேலம், நாமக்கல்லில் எந்தக் கதவைத் தட்டலாம்?

விவசாயி தினமும் போகிற இடம் எது? பால் சொசைட்டி. காலையும் மாலையும், மழை வெயில் பார்க்காமல், கேனோடு வந்து நிற்கிறார். ரெண்டு நாள் வரவில்லை என்றால் அங்கே இருக்கிறவருக்கு முதலில் தெரியும். அடுத்து உரக்கடை. அடுத்து தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம். அப்புறம் கட்டுத்தரைக்கே வருகிற கால்நடை டாக்டர். தீவனம் வைக்காமல் மாடு எலும்பும் தோலுமாக நிற்பதைப் பார்த்தவுடன், வீட்டில் ஏதோ சரியில்லை என்று புரிந்துகொள்ளக்கூடிய முதல் ஆள் அவர்தான். இவர்கள் யாரும் மனநல ஆலோசகர் ஆக வேண்டியதில்லை. "என்னங்க, உடம்புக்குச் சரியில்லையா, தூங்குறீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கவும், கையில் ஒரு நம்பர் எழுதிக் கொடுக்கவும் தெரிந்தால் போதும். அமராவதியில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான்.

அரசுக்கு இன்னும் சுலபமான வழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்'. பிபி மாத்திரையும் சுகர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. கொண்டுவருவது பெரும்பாலும் அதே ஊர்க்காரப் பெண். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாததா? அவர் பையில் இன்னும் ரெண்டு கேள்வி அடங்கிய ஒரு தாளும், மன அழுத்தத்துக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த தொடர் மாத்திரையும் சேர்ந்தால், ஆத்தூரில் இருந்து சேலம் போகும் பஸ்சில் பாதி குறையும்.

ஒரே சங்கடம், ஊர்க்காரர் என்பதுதான். எல்லோருக்கும் தெரிந்தவரிடம் 'எனக்கு மனசு சரியில்லை' என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? 'பொண்ணு குடுக்கமாட்டாங்க' என்ற பயம் இன்னும் போகவில்லை. அங்கேதான் போன் உதவுகிறது. பெயர் தெரியாத ஒருவர், முகம் தெரியாத இடம், தமிழிலேயே பேசலாம். மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது. எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள். வீட்டில் ஒரே போன், பேசினால் எல்லோருக்கும் கேட்கும் என்றால், தண்ணி கட்டப் போகும்போது காட்டில் இருந்து பேசலாம். விவசாயிக்கு அந்த ஒரு வசதியாவது உண்டு.

பேசும்போது பெரிய விளக்கம் எதுவும் வேண்டாம். தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்று உள்ளதைச் சொன்னால் போதும். வீட்டில் ஒருவர் அப்படிப் பேச ஆரம்பித்தால் "சாகணுமுன்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. அவரைத் தனியாக விடாமல், பூச்சிமருந்து டப்பாவை அன்றைக்கே வீட்டில் இருந்து அப்புறப்படுத்தி, கூடவே பஸ் ஏறுங்கள். சாயங்காலக் கறவைக்குப் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.

மனநல உதவிக்கு: டெலி மானஸ் 14416. தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104. போதைப் பழக்கத்தில் இருந்து மீள தேசிய உதவி எண் 14446. ஸ்நேகா, சென்னை: 044-24640050. உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் உடனே 108.